சுறா பார்க்கப் போன மெஸ்டர்

கூட்டுக்குள் நின்று இரண்டு கைகளாலும் கம்பிகளைப் பிடித்தபடி மெஸ்டர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. டென்மார்க்கின் பிரெடெரிசியாவில், கடலுக்குக் கிட்ட இருந்த ஒரு சிறிய இரும்புப் பட்டறையின் பின்முற்றத்தில் அது நடந்தது. இரண்டு கிழமையாக நான் தனியே நின்று கம்பிகளை வெல்டிங்கில் ஒட்டி முடித்த கூடு அது. ஆளுயரத்துக்கு மேல் உயரம், இரண்டு பேர் தோளோடு தோள் நிற்கக்கூடிய அகலம். மெஸ்டர் அதைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார், ஒட்டுகளை விரலால் தடவிப் பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு நான் கொஞ்சமும் எதிர்பாராத விதமாகக் கதவைத் திறந்து உள்ளே போய், இழுத்துச் சாத்தினார். தாழ்ப்பாள் சத்தத்தோடு விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தள்ளினார். அசையவில்லை. உட்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை தடவினார். அங்கே ஒன்றும் இல்லை. தாழ்ப்பாளை நான் வெளியே வைத்திருந்தேன்.

மெஸ்டர் என்பது அவருடைய பெயர் அல்ல. பட்டறை முதலாளியை டெனிஷ்காரர் அப்படித்தான் அழைப்பார்கள். அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். கை இரண்டும் இடுக்கி மாதிரி. பேச்சு குறைவு, கோபம் அதைவிடக் குறைவு. நான் மன்னாரிலிருந்து தனியே வந்து சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மனைவியையும் மூன்று வயது மகளையும் ஊரில் விட்டு வந்திருந்தேன். மன்னாரில் வள்ளம் திருத்துகிற இடத்தில் ஒட்டு வேலை பழகியவன் என்று தெரிந்ததும், மெஸ்டர் ஒரு இரும்புத் துண்டைக் கையில் தந்து ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். "நாளைக்கு ஏழு மணிக்கு வா" என்றார். நேர்முகப் பரீட்சை அவ்வளவுதான்.

தாழ்ப்பாளுக்கு வருகிறேன். எங்கள் ஊரில் கூடு என்றால் மீன் பிடிக்கிற கூடு. மீன் உள்ளே போகும், மனிதன் வெளியே நிற்பான். அப்பரும் பெரியப்பரும் கடலுக்குள் இறக்கிய கூடுகளைப் பார்த்து வளர்ந்தவனிடம் ஒரு படத்தைக் கொடுத்து, "இது வெள்ளைச் சுறாவுக்கு" என்று சொன்னால் அவன் வேறு என்னத்தை நினைப்பான்? சுறாவைப் பிடித்து எங்கேயோ காட்சிசாலைக்கு அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். படத்தில் இருந்த கம்பிகள் சுறாவுக்குக் காணாது என்று பட்டது. மெஸ்டருக்குக் கடல் தெரியாது, பாவம் என்று எண்ணி, கேட்காமலே நாலு கம்பி கூட்டி ஒட்டினேன். படத்தில் தாழ்ப்பாள் உட்பக்கம் இருந்தது. வரைந்தவன் மடையன் என்று முடிவுகட்டி அதையும் வெளியே மாற்றினேன். சுறா தானே கதவைத் திறந்துகொண்டு வெளியே வரவா தாழ்ப்பாள் போடுவது?

நான் ஓடிப்போய்த் திறந்துவிட்டேன். மெஸ்டர் வெளியே வந்து, "நீ என்ன நினைச்சாய்?" என்று கேட்டார். "சுறா உள்ளுக்கு, நீ வெளியில" என்றேன். அந்த நாட்டில் முதலாளியையும் நீ என்றுதான் சொல்ல வேண்டும். என் நாக்கு அதற்குப் பழக வெகு நாள் எடுத்தது. கூட வேலை செய்தவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மெஸ்டரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "தண்ணிக்குக் கீழ இது நடந்திருந்தால் நான் செத்திருப்பன். விளங்காட்டிக் கேள். எப்பவும் கேள்" என்றார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அவர் சொன்னதும் காதில் ஏறவில்லை. நான் வேறொன்றில் அதிர்ந்துபோய் நின்றேன். மனிதன் உள்ளேயா? எதற்கு?

எதற்கு என்று அவர் ஆறுதலாகச் சொன்னார். அவுஸ்திரேலியாவின் தென்கரையிலிருந்து கப்பலில் கூட்டிப்போவார்களாம். கடலில் நங்கூரம் போட்டு, இரத்தத்தையும் நறுக்கிய மீனையும் வாளி வாளியாக ஊற்றுவார்களாம். மணம் பிடித்து வெள்ளைச் சுறா வரும். அப்போது ஆட்களைக் கூட்டுக்குள் வைத்து இறக்குவார்கள். சுறா வந்து கம்பியை முட்டும், கடிக்கும். உள்ளே இருப்பவர் பார்ப்பார், படம் எடுப்பார். "பிறகு?" என்று கேட்டேன். "பிறகு மேல வாறது" என்றார். "பிடிக்கிறேல்லையோ?" "இல்லை." "தின்னுறேல்லையோ?" "இல்லை." இதற்காக மெஸ்டர் நாலு வருடம் விடுமுறையையும் காசையும் மிச்சம் பிடித்திருந்தார். அங்கே நல்ல கூடுகள் இருந்தன. நான் செய்தது, போகமுன் இங்கே பழகிப் பார்ப்பதற்காம்.

நானும் கடலில் இறங்கியவன். இருபது வயதிலிருந்து சங்கு குளித்திருக்கிறேன், கடலட்டை எடுத்திருக்கிறேன். காலில் ஒரு சின்ன வெட்டு இருந்தாலும் அன்றைக்கு இறங்கமாட்டோம். இறங்கவும் விடமாட்டார்கள். ஒரு சொட்டு இரத்தம் தண்ணீரில் விழுந்துவிடக் கூடாது என்று காவல் காத்தவன் நான். என் முன்னால் ஒரு மனிதர், நல்ல புத்தியுள்ளவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், வாளியால் ஊற்றிக் கூப்பிடப் போகிறேன் என்கிறார். அன்று பின்னேரம் பஸ்ஸில் போகும்போது, இந்தச் சனத்துக்கு ஒரு குறையும் இல்லை, அதனால்தான் பயத்தையும் விலைகொடுத்து வாங்குகிறது என்று எனக்குள் திட்டிக்கொண்டு போனேன். இப்போது அப்படி நினைக்கமாட்டேன். அன்றைக்கு நினைத்தேன்.

தாழ்ப்பாளைக் கழற்றி உள்ளே வைத்துக் கொடுத்தேன். மெஸ்டர் கடலுக்கு அடியில் சுழியோடும் தன் சங்கத்தாரோடு அதை லில்லபெல்ட் நீரிணையில் இறக்கிப் பழகினார். சுறாவே இல்லாத கடல் அது. ஐந்தாறு பேர் முறைவைத்து ஒரு கூட்டுக்குள் போய் விறைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு நெத்தலி முட்டினாலே பெரிய காரியம். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் நானும் போய் வள்ளத்தில் கயிறு பிடிப்பேன். போக வேண்டிய கட்டாயம் இல்லை. மெஸ்டர் என்னிடம் கடலைப் பற்றிக் கேட்பார் என்பதற்காகப் போனேன். டென்மார்க்கில் அதுவரை என்னைக் கேள்வி கேட்ட எல்லோரும் சண்டையைப் பற்றித்தான் கேட்டார்கள். எத்தனை பாகம் ஆழம் போனாய், மூச்சு எவ்வளவு நேரம் நின்றது, சுறாவைக் கண்டால் என்ன செய்வாய் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். "ஓடமாட்டம். நிலத்தோட கிடப்பம், இல்லாட்டிக் கையால தண்ணியை அடிப்பம்" என்று சொன்னேன். அதை ஒரு கொப்பியில் எழுதி வைத்தார். என் வாழ்க்கையில் நான் சொன்னதை ஒருவர் எழுதி வைத்தது அதுதான் முதல் தடவை. அந்த ஞாயிறுகள் இல்லாவிட்டால் எனக்கு விசர் பிடித்திருக்கும்.

ஏனென்றால் மற்ற எல்லா நாளும் நான் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். மனைவியையும் மகளையும் கூப்பிடுவதற்கு விண்ணப்பம் கொடுத்திருந்தேன். சட்டப்படி எனக்கு உரிமை இருந்தது. பத்திரங்கள் எல்லாம் சரியாக இருந்தன. மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று போனது. பதில் இல்லை. கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். எனக்கு மட்டும் அல்ல, ஹோர்சன்ஸில், அல்பர்ட்ஸ்லுண்டில், எங்கே எந்தத் தமிழனைக் கேட்டாலும் இதே பதில்தான். மெஸ்டர் மாதம் ஒரு கடிதம் தன் கையாலேயே எழுதி அனுப்பினார். இவன் என்னிடம் நிரந்தர வேலையில் இருக்கிறான், வீடு எடுத்திருக்கிறான், இவனுடைய குடும்பம் எப்போது வரும்? அவருக்கும் அதே ஒரு வரிப் பதில் வந்தது.

ஊர்ச் செய்தி நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தது. ஹோர்சன்ஸில் இருந்த ஒரு அண்ணை, எனக்கு முன்னரே வந்தவர், தேடி வந்து சொன்னார்: "தம்பி, விசர் வேலை பாக்காதை. உந்தக் கடுதாசியை நம்பிக்கொண்டு இருந்தால் உன்ர பெட்டை வளந்து கலியாணம் முடிச்சு வரும். கொழும்பில எனக்கு ஆள் இருக்குது. தாயையும் பிள்ளையையும் பிளேன் ஏத்திவிடுவான். இண்டைக்கு ஓம் எண்டு சொல்லு, அடுத்த மாசம் வந்திடுவினம்." எனக்கு மனம் தத்தளித்தது. விளங்காவிட்டால் கேள் என்று சொன்னவரிடமே போய்க் கேட்டேன். மெஸ்டர் ஒட்டு வேலை முகமூடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். "வேண்டாம். களவா வந்தால் நாளைக்குத் திருப்பி அனுப்புவாங்கள். உனக்கு உரிமை இருக்குது. பதில் சுணங்கும், ஆனால் வரும். என்ர நாட்டை எனக்குத் தெரியும்" என்றார். அவர் சொன்ன விதத்தில் ஒரு பொய்யும் இல்லை. நான் அண்ணைக்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் மனைவியையும் மகளையும் பற்றி நான் எடுத்த முடிவுகளிலேயே பெரிய முடிவு அது. அதை ஒரு சுறாப் பைத்தியத்தின் சொல்லைக் கேட்டு எடுத்தேன்.

மாசி மாதம் மெஸ்டர் அவுஸ்திரேலியாவுக்குப் போனார். அவர் அங்கே இருந்த கிழமைகளில்தான் மனைவியின் கடிதம் வந்தது. இந்திய முத்திரை குத்தியிருந்தது. ஊரில் இருக்க முடியாமல் போய்விட்டதாம். பிள்ளையையும் கொண்டு வள்ளத்தில் ராமேஸ்வரம் போய்விட்டாளாம். "கடல் அமைதியாக இருந்தது. ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம். சுகமாக வந்து சேர்ந்தோம்" என்று முத்து முத்தாக எழுதியிருந்தாள். அந்தக் கடலை எனக்குத் தெரியும். அகதிகளை ஏற்றி ஓடிய வள்ளக்காரர்களில் சிலர் என்ன செய்தார்கள் என்பதும் கேள்விப்பட்டிருந்தேன். ஆனாலும் அந்தக் கடிதத்தை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

மெஸ்டர் திரும்பி வந்தபோது முகம் வெயிலில் கறுத்து, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார். இருபது தடவை கூட்டுக்குள் இறங்கினாராம். ஸ்லைட் படங்கள் எடுத்திருந்தார். பட்டறையில் எல்லோரும் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். நான் போகவில்லை. "என்ர மனிசியும் பிள்ளையும் வரட்டும், சேர்ந்து வந்து பாக்கிறம்" என்றேன். "சரி, கெதியில பாப்பம்" என்று தோளில் தட்டினார்.

பிறகு ஒரு காலையில் வேலைக்குப் போனபோது பட்டறையில் ஒரு சத்தமும் இல்லை. மெஸ்டர் மேசையில் பத்திரிகையை விரித்து வைத்திருந்தார். என்னைக் கண்டதும் இருக்கச் சொல்லி, ஆறுதலாக, எனக்கு விளங்கும்படி வாசித்தார். தமிழர்களின் விண்ணப்பங்கள் சுணங்கவில்லை. அவற்றைப் பார்க்காமல் ஒதுக்கி வைக்கும்படி மேலிடத்திலிருந்தே சொல்லப்பட்டிருந்தது. சட்டம் கொடுத்த உரிமையை மேசைக்குக் கீழே போட்டு மிதித்திருந்தார்கள். இதுதான் பின்னால் தமிழர் வழக்கு என்று பெரிதாகி, விசாரணை நடந்து, ஒரு அரசாங்கத்தையே வீட்டுக்கு அனுப்பியது. அன்றைக்கு அது பத்திரிகையில் ஒரு பக்கம். செய்தியைவிட மெஸ்டரின் முகம்தான் என்னை அதிர வைத்தது. அரசாங்கம் ஏமாற்றுவது எங்களுக்குப் புதிது அல்ல, அதைப் பார்த்துப் பார்த்துத்தானே ஓடிவந்தோம். அவருக்கு அது புதிது. ஐம்பது வயதில் ஒரு மனிதர் தன் வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் நிற்பதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. சுறாவின் வாய்க்கு ஒரு முழத் தூரத்தில் நின்றபோது கை நடுங்கவில்லை என்று சொன்னவர், பத்திரிகையை மடிக்க முடியாமல் கசக்கினார். "நான் உனக்குப் பொய் சொல்லேல்ல. எனக்குத் தெரியாது" என்றார். "தெரியும், மெஸ்டர்" என்றேன்.

அதற்குப் பிறகு காரியங்கள் நடந்தன. அனுமதி வந்தது, அவர்கள் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் மகள் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னைப் பார்த்தாள். ஆறு வயதாகியிருந்தது. ஒரு வருடத்துக்குள் பள்ளிக்கூடத்தில் டெனிஷைப் பிடித்துக்கொண்டாள். மனைவிக்கு அந்த மொழி வாயில் நுழையவில்லை. கடைக்கும் டொக்டரிடமும் மகள்தான் தாய்க்கு வாய். மெஸ்டர் எங்களுக்குக் கட்டில் கொண்டுவந்து தந்தார், மகளுக்கு சைக்கிள் தந்தார். ஆனால் ஸ்லைட் பார்க்க வாருங்கள் என்று ஒரு வருடமாகக் கூப்பிடவில்லை. கூச்சம் என்று நினைக்கிறேன். கடைசியில் ஒரு ஞாயிறு பிற்பகல் கூப்பிட்டார்.

மனைவி நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்தாள். மெஸ்டர் ஜன்னல் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு ஸ்லைட் மெஷினைப் போட்டார். மேசையில் கோப்பியும் கிறீம் போட்ட கேக்கும். முதலில் துறைமுகம், கப்பல், சிரிக்கிற ஆட்கள். பிறகு ஒருவன் வாளியால் ஊற்றுகிறான், கடல் செம்மண் நிறமாகிறது. பிறகு ஒரு முதுகுச் செட்டை. பிறகு கம்பிகளுக்கு அப்பால் முழு வாய். என் உடம்பு தானாகப் பின்னால் போனது. மனைவி திரையைப் பார்க்கவில்லை, கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உவர் ஏன் உதுக்குள்ள போனவர்?" என்று மெல்லக் கேட்டாள். "பாக்க." "பாக்கவோ?" "ஓம், பாக்கத்தான். காசு குடுத்து." அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அவளுக்கு இது பிடிக்கவில்லை என்று மட்டும் நினைத்தேன்.

மகள் மட்டும் கண் வெட்டாமல் பார்த்தாள். மெஸ்டர் அவள் பக்கம் குனிந்து, பயமாக இருக்கிறதா என்று டெனிஷில் கேட்டார். அவளும் டெனிஷில்தான் பதில் சொன்னாள். அதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"நீ கூட்டுக்குள்ள நிண்டனி. எங்களுக்குக் கூடு இருக்கேல்ல."

பிள்ளை கதை கட்டுகிறாள் என்று மெஸ்டர் சிரித்தார். "எங்க?" என்று கேட்டார்.

"கடலில. வள்ளக்காரர் எங்களை மண்திட்டில இறக்கிவிட்டிட்டுப் போயிட்டார். இதுதான் இந்தியா எண்டு சொன்னவர். பிறகு தண்ணி வந்தது. மண் இல்லாமல் போச்சு. எல்லாரும் எழும்பி நிண்டம். நான் அம்மாவின்ர தோளில. அம்மாவுக்கு இவ்வளவுக்குத் தண்ணி." தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டிவிட்டு, திரையில் இருந்த சுறாவைக் காட்டினாள். "அது எங்களைச் சுத்திச் சுத்தி வந்தது. எல்லாரும் கையால தண்ணியை அடிச்சவை. அம்மா என்ர கண்ணைப் பொத்தினவ. நான் விரலுக்குள்ளால பாத்தனான்."

மெஸ்டரின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. "பிறகு?"

"பிறகு வேற வள்ளம் வந்து ஏத்தினது. நான் பாத்தது அம்மாவுக்குத் தெரியாது. நீ சொல்லாதை" என்றுவிட்டு ஒரு கரண்டி கேக்கை வாயில் வைத்தாள்.

மன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் கிடக்கிற அந்தத் திட்டுகளை எனக்குத் தெரியும். கடல் வற்றும்போது அவை எவ்வளவு நீளம், பெருகும்போது எவ்வளவு கெதியாக மறையும் என்பது தெரியும். என் மனைவி கடலுக்குள் நெஞ்சளவு தண்ணீரில் பிள்ளையைச் சுமந்து நின்றதை நான் என் மொழியில்கூடக் கேட்கவில்லை, ஒரு டெனிஷ்காரரின் வீட்டில், பிள்ளையின் பள்ளிக்கூட டெனிஷில் கேட்டேன். மெஸ்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என்னைக் காத்திருக்கச் சொன்னது யார் என்பதை இருவரும் மறக்கவில்லை. எழும்பி மெஷினை நிற்பாட்டினார். திரைச்சீலையை விலக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மனைவி எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தாள். "என்னவாம் பிள்ளை இவ்வளவு நேரமாச் சொல்லுறாள்?" என்று கேட்டாள். மகள் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கேக் நல்லா இருக்காம். இன்னொரு துண்டு கேக்கிறாள்" என்றேன்.

"போன இடத்தில கேட்டு வாங்கித் தின்னுறதோ? நல்ல பழக்கம்" என்று மனைவி அவளைக் கடிந்துகொண்டாள். நான் மெஸ்டரைப் பார்த்து, பிள்ளைக்கு இன்னொரு துண்டு வெட்டு என்று டெனிஷில் சொன்னேன். அவருக்கு விளங்கியது. வெட்டினார். துண்டு கத்தியிலிருந்து சரிந்து தட்டில் குப்புற விழுந்தது. மகளுக்குப் பசி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு துகள் விடாமல் தின்று முடித்தாள்.

மெஸ்டர் மறுபடி சுறா பார்க்கப் போனாரா என்று எனக்குத் தெரியாது. என்னிடம் அந்தப் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை. அவர் இறந்து இப்போது சில வருடங்கள் ஆகின்றன. மகளுக்கு இரண்டு பிள்ளைகள், நான் என்ன கேட்டாலும் டெனிஷில்தான் பதில் சொல்கின்றன. மனைவி பக்கத்து அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கடலைப் பற்றி அவள் இதுவரை எனக்கு ஒரு சொல் சொன்னதில்லை. எனக்குத் தெரியும் என்று நானும் சொன்னதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டபடி, ஒருவரை ஒருவர் நோகடிக்கக்கூடாது என்று இப்படி இருந்துவிட்டோம். அவள் தமிழ் நன்றாக வாசிப்பாள். இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அவள் கையில்தான் கொடுக்கப் போகிறேன். அன்றைக்கு மகள் கேக் கேட்கவில்லை என்பதை அவள் இங்கே வாசித்துத்தான் அறிவாள்.